துளிக்குள் நேராக நின்றவள்

இதை நம்பச் சொல்லி யாரையும் நான் கெஞ்சப் போவதில்லை. நான்கு படங்கள் என்னிடம் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நேரம் பதிவாகியிருக்கிறது. பட்டப்பகல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில் ஒரு புல்லை நிறுத்தி, அதன் நுனியில் சிரிஞ்சால் ஒரு சொட்டு நீர் வைத்திருந்தேன். சீக்கிரம் உலராமலிருக்கக் கொஞ்சம் கிளிசரின் கலந்த நீர். சொட்டுக்குப் பின்னால் ஒரு சிவப்புப் பூவைப் பிடித்தால், முழுப் பூவும் அந்தச் சொட்டுக்குள் தெரியும். ஆனால் தலைகீழாக. நீர்த்துளி தன் பின்னால் இருக்கும் எல்லாவற்றையும் அப்படித்தான் காட்டும்.

பூவைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தவர் என் கணவர். திருமணமாகி ஏழு மாதம். அவருக்கு இது இரண்டாவது. முதல் மனைவி காய்ச்சலில் போய்விட்டதாகச் சொல்லியிருந்தார். வீட்டில் அவளுடைய படம் ஒன்றுகூட இல்லை. அதற்கு மேல் நான் கேட்டதில்லை. அவருடைய மௌனம் எனக்குப் பிடித்திருந்தது.

"ஒரு சொட்டுத் தண்ணிக்கு இவ்ளோ அலங்காரமா? கை மரத்துப் போச்சு, மகாராணி."

"பேசாதீங்க. பூ ஆடுது."

கேமரா அசையக்கூடாது என்று ரிமோட்டை அழுத்தினேன்.

2:51. பூவும் அவரும் தலைகீழாக. பக்கத்தில் கறுப்பாக ஒரு புள்ளி.

2:54. புள்ளி, முகமாகியிருந்தது. ஒரு பெண். அவள் மட்டும் நேராக இருந்தாள்... என் பிம்பம் என்றுதான் நினைத்தேன். ஆனால் என் முடி கழுத்தளவுதான். அவளுடையது நீளம். அது மேல்நோக்கி விறைத்து நின்றது.

"ஏய், கழுத்துல தண்ணி தெளிக்காத."

"நானா? நான் இங்கதானே இருக்கேன்."

அவர் கழுத்தைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். மேலே பார்த்தேன். கசிவே இல்லை.

2:58. பெரிதாக்கிப் பார்த்தேன். அவள் பார்வை என் மேல் இல்லை. அவர் மேல். கூந்தல் நுனி அவர் கழுத்தில்...

அப்போதுதான் உறைத்தது.

துளிக்குள் நேராகத் தெரிகிறாள் என்றால், அறையில் அவள் தலைகீழாகத் தொங்குகிறாள்.

நிமிர்ந்தேன். அவருக்குப் பின்னால் வெறும் சுவர்.

அவரைக் கூப்பிட்டு, ஸ்டாண்டில் இருந்த கேமராவின் திரையில் படத்தைக் காட்டினேன். குனிந்து பார்த்தார்.

"இவ படம் உனக்கு எப்படிக் கிடைச்சது?"

பூவை மேசையில் இருந்த டம்ளரில் செருகிவிட்டு, கழுத்தைக் கழுவக் குளியலறைக்குப் போனார். தாழ்ப்பாள் விழுந்தது.

கடிகாரத்தில் 3:08. தொப்.

பிறகு எதுவுமில்லை...

கதவைத் தட்டினேன். தட்டினேன்.

பக்கத்து வீட்டுக்காரர் வந்து உடைத்தார். என் கணவர் தண்ணீர் டிரம்முக்குள் தலைகீழாகக் கிடந்தார். இரண்டு கணுக்காலிலும் விரல் தடங்கள்.

மூன்றாம் நாள் முதல் மனைவியின் தங்கை வந்தாள். அழவில்லை.

"காய்ச்சல்னா சொன்னாரு? எங்கக்காவும் இதே டிரம்லதான். கால்ல இதே மாதிரி தடம். யாரும் எதுவும் கேக்கல."

கேமராவை நேற்றுதான் திறந்தேன். நான்காவதாக ஒரு படம். 3:11. கதவைத் தட்டிய கையில் ரிமோட் இருந்திருக்கிறது.

டம்ளரில் பூ, தலைகீழாக. காலி நாற்காலி, தலைகீழாக.

அவளும் தலைகீழாக.

அப்படியென்றால் அறையில் அவள் நேராக நின்றிருக்கிறாள்... கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு.