சாவி எப்ப வரும், மேடம்?

2006 ஓகஸ்ட் பதினான்காம் திகதி, ஒஸ்லோவில் காலை ஏழு மணிக்கு, லெபனானில் போர்நிறுத்தம் தொடங்கியது என்று வானொலி சொன்னது. புஷ்பராணி அப்போது முதியோர் இல்லத்துச் சமையலறையில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். கூட வேலை செய்யும் பெரிட் ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்து, “உன் தங்கை தப்பிவிட்டாள், சமாதானம் வந்துவிட்டது” என்றாள்.

புஷ்பராணிக்கு எரிச்சல்தான் வந்தது. சமாதானம் வந்துவிட்டது என்று நோர்வேக்காரர் அவளுக்குச் சொன்னது இது இரண்டாவது முறை. முதல் முறை 2002இல், இலங்கைக்காக. அந்தச் சமாதானத்தின் கதி என்ன? மூன்று நாளுக்கு முன்னர் முகமாலையில் சண்டை வெடித்து, யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஒரே தரைப்பாதையும் பூட்டப்பட்டிருந்தது.

தங்கை ஜெயகுமாரி கணவனை இழந்தவள். பதினொரு வயது மகளை யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரியில் மச்சாளிடம் விட்டுவிட்டு, மூன்று வருடத்துக்கு முன்னர் லெபனானுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். ரயர் நகருக்குக் கிழக்கே ஒரு மலைக்கிராமத்தில் வேலை. ஜூலையில் குண்டுகள் விழத் தொடங்கியதும் வீட்டுக்காரர் காரில் பெய்ரூட்டுக்கு ஓடினார்கள். காரில் இவளுக்கு இடம் இல்லையாம். வீட்டைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

போர்நிறுத்தம் வந்த மறுநாள் மாலை, ஒஸ்லோவின் அம்மருட் பகுதியில் இருந்த புஷ்பராணியின் வீட்டில் தொலைபேசி அடித்தது.

“அக்கா, நான் ஜெயா. உயிரோட இருக்கிறன்.”

இருவரும் கொஞ்ச நேரம் அழுதார்கள். கிராமத்துக் கடைக்காரருடைய தொலைபேசியில் இருந்து பேசுவதாகச் சொன்னாள். அங்கிருந்து வெளிக்கிட வேண்டும், ஆனால் பாஸ்போர்ட் வீட்டுக்கார மேடத்தின் அலுமாரிக்குள் பூட்டியிருக்கிறது, சாவி மேடத்திடம் என்றாள்.

“உடைச்சு எடன்!”

“உடைச்சா கள்ளி எண்டு சொல்லுவினம் அக்கா. பிறகு பொலிஸ், மறியல்தான். நீங்களே மேடத்தோட ஒருக்கால் கதையுங்கோ.”

புஷ்பராணி முதலில் ஒஸ்லோவில் தெரிந்த அலுவலகங்களுக்கெல்லாம் தொலைபேசி எடுத்தாள். ஓரிடத்தில் நாற்பது நிமிடம் இசை கேட்டாள். அதற்குப் பிறகு ஒரு பெண் வந்து, உங்கள் சகோதரி நோர்வே குடிமகளா என்று கேட்டாள். இல்லை. நோர்வேயில் வதிவிட அனுமதி உண்டா? இல்லை. அப்படியானால் இன்னொரு எண் தருகிறேன் என்றாள். அந்த எண்ணில் இருந்தவர், முதலில் எடுத்த எண்ணைத் தந்தார்.

கடைசியில் அவள் குறொன்லாண்ட் கடைத்தெருவில் தொலைபேசி அட்டை வாங்கி வந்து, தங்கை தந்த எண்ணில், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மேடத்தையே பிடித்தாள். மேடத்தின் பெயர் நாதியா. குரல் மிக மரியாதையாக இருந்தது.

“பாலங்கள் எல்லாம் உடைந்து கிடக்கின்றன, அம்மா. எங்கள் இராணுவம் லித்தானி ஆற்றைத் தாண்டட்டும். அடுத்த நாளே சாவியோடு வருகிறேன்.”

அன்று இரவுச் செய்தியில், கார்க் கூரைகளில் மெத்தைகளைக் கட்டிக்கொண்டு சனம் அலையலையாகத் தெற்கே திரும்பிக்கொண்டிருந்தது.

“இத்தினை சனம் போகுது. உந்த மனுசிக்கு மட்டும் பாலம் இல்லையோ?” என்று புஷ்பராணி தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்தினாள்.

அந்த வியாழக்கிழமையே லெபனான் இராணுவம் ஆற்றைத் தாண்டியது. மேடம் வரவில்லை. இஸ்ரேல்காரர் இன்னும் சில இடங்களில் நிற்கிறார்களாம், ஐ.நா. படை வந்து இறங்கட்டும் என்றாள். செப்ரெம்பர் இரண்டாம் திகதி இத்தாலிப் படையினர் ரயர் கரையில் வந்து இறங்கினார்கள். புஷ்பராணி உடனே தொலைபேசியை எடுத்தாள். இஸ்ரேல் போட்ட வான்வழித் தடையும் கடல்வழித் தடையும் நீங்கட்டும், கணவர் குவைத்திலிருந்து வரவேண்டும் என்றாள் மேடம்.

புஷ்பராணியின் கணவர் யோகராசா பஸ் ஓட்டுபவர்; அவருக்கு இதெல்லாம் பெரிய உற்சாகம். ஐ.நா. தீர்மானத்தை இணையத்தில் எடுத்துப் படித்திருந்தார். “இஞ்சேரும், எட்டாவது பந்தியில தெளிவாச் சொல்லியிருக்கு...” என்று தொடங்கினார்.

“அந்தப் பந்தியில என்ர தங்கச்சியின்ர பேர் இருக்கோ?”

“அது வந்து...”

“அப்ப வாயை மூடிக்கொண்டு சாப்பிடுங்கோ.”

செப்ரெம்பர் ஏழாம் திகதி வான்வழித் தடை நீங்கியது. எட்டாம் திகதி கடல்வழியும் திறந்தது. ஒன்பதாம் திகதி காலையிலேயே புஷ்பராணி எண்ணை அழுத்தினாள்.

“இராணுவம் வந்துவிட்டது. ஐ.நா. வந்துவிட்டது. விமானமும் வந்துவிட்டது. சாவி எப்ப வரும், மேடம்?”

மறுமுனையில் நாதியா விம்மத் தொடங்கினாள். சாவி இல்லை. ஓடிவந்த அன்றே வழியில் எங்கோ தொலைந்துவிட்டது. அந்த வீட்டைத் திரும்பப் பார்க்கும் தைரியம் தனக்கு இல்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, நாளுக்கொரு சாட்டுச் சொல்லிவந்தாளாம்.

புஷ்பராணிக்குத் தலை விறைத்தது. நாலு கிழமையாக இல்லாத ஒரு சாவிக்காக, எந்தப் படை எங்கே நிற்கிறது என்று விடியவிடியச் செய்தி பார்த்திருக்கிறாள்! திட்டுவதற்குரிய ஆங்கிலம் அவளிடம் இருக்கவில்லை. “கடைக்காரருக்கு எடுத்து, உடைக்கலாம் என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்” என்று மட்டும் சொன்னாள்.

அன்று பின்னேரம் கடைக்காரர் அலவாங்கோடு போய் அலுமாரியை நெம்பித் திறந்தார். பாஸ்போர்ட் துணிகளுக்கு அடியில் பத்திரமாக இருந்தது. ஜெயகுமாரி அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னாள்.

“கையில கிடைச்சிட்டுது அக்கா.”

“நல்லது. இப்ப உடன வெளிக்கிடு. கொழும்புக்கு நான் ரிக்கற் போடுறன்.”

“நான் போகேல்லை.”

“என்னடி சொல்லுறாய்?”

“கொழும்பில போய் என்ன செய்யிறது? யாழ்ப்பாணப் பாதை பூட்டு. பிள்ளையிட்டப் போகேலாது. லொட்ஜில குந்தியிருந்து பொலிஸ் பதிவுக்கு அலையவோ? இஞ்சை சண்டை நிண்டிட்டுது, அங்கை தொடங்கிட்டுது. இஞ்சை இருந்தா பிள்ளைக்கு ஏதும் அனுப்பலாம்.”

“அப்ப என்னை ஏன்டி இந்தப் பாடு படுத்தினனீ?”

“நீங்கள் அலுவல் பாக்கத் தொடங்கேக்க, பாதை கெதியாத் திறக்கும் எண்டு நினைச்சனான் அக்கா.”

புஷ்பராணி தொலைபேசியை அடித்து வைத்தாள். பிழை சொல்ல ஆளில்லாத கோபம் அது. தங்கை சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க முடியாதது இன்னும் ஆத்திரமாக இருந்தது. மூன்று கிழமை அவளுக்கு எடுக்கவே இல்லை.

ஒக்ரோபரில் மேடமும் கணவரும் வீட்டைப் பார்க்க வந்தார்கள். பாஸ்போர்ட்டைத் திருப்பித் தா என்று கணவர் கேட்டார். ஜெயகுமாரி மாட்டேன் என்றாள். இரண்டு நாள் வாக்குவாதம். கடைசியில் மேடமே, “அவளிடம் இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் இதைச் சொன்னபோது ஜெயகுமாரியின் குரலில் கொஞ்சம் மிடுக்குத் தெரிந்தது.

“கெட்டிக்காரிதான்” என்றாள் புஷ்பராணி, இன்னும் கோபம் ஆறாமல். “மத்தியானம் என்ன சாப்பிட்டனீ?”