கங்கைகொண்ட சோழபுரத்தின் இருட்டுச் சுற்று

சண்டை முடிந்து பட்டாளத்துக்காரர்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்த நாற்பத்தாறாம் வருடப் பங்குனியில் போனேன். எனக்குப் பழைய கோயில்களின் கட்டுமானம் என்றால் பைத்தியம். கூட வந்த அண்ணிக்கு வேறு கவலை. பட்டாளத்தில் சேர்ந்து சிங்கப்பூர் போன என் அண்ணன் வேலாயுதத்திடமிருந்து நாலு வருடமாகக் கடிதம் இல்லை. வருகிற அமாவாசையன்று அண்ணியின் தாலியை வாங்கிவிடுவது என்று பங்காளிகள் பேசி முடித்திருந்தார்கள்.

பெரம்பலூரில் காலை ஆறு மணிக்கு, பெட்ரோல் இல்லாமல் அடுப்புக்கரிப் புகையில் ஓடும் கரிவாயு பஸ். அரியலூர் பத்தொன்பது மைல். மேட்டில் இரண்டு முறை இறங்கித் தள்ளினோம். அங்கிருந்து ஜெயங்கொண்டத்துக்கு வேறு பஸ். அப்புறம் ஆறு மைல் மாட்டுவண்டி, போகவர ஒன்றரை ரூபாய். வண்டிக்காரர் அண்ணியின் கதையைக் கேட்டுவிட்டு, கருவறையைச் சுற்றி இரண்டு சுவருக்கு நடுவே ஒரு வழி உண்டு என்றார்.

"உள்ள நின்னு பேரச் சொல்லிக் கூப்புடுங்க. ஆளு உசுரோட இருந்தாத்தான் பேரு திரும்பி வரும்."

நான் சிரித்துவிட்டேன். அண்ணி சிரிக்கவில்லை.

தஞ்சை விமானம் விறைப்பாக நேரே ஏறும். இது உள்வாங்கி வளைந்து ஏறுகிறது, நூற்றெண்பது அடி. உச்சி வெயிலில் பிராகாரத்தில் ஆளே இல்லை. காவல்காரர் அந்த வழியின் கதவைத் திறந்துவிட்டு வெளியிலேயே நின்றுகொண்டார். உள்ளே வௌவால் நாற்றம், பாதத்தில் ஏறும் குளிர்.

"தம்பி, நீங்க கூப்புடுங்க" என்றார் அண்ணி. புருஷன் பேரை அவர் வாயால் எப்படிச் சொல்வார்? நான் மூன்று முறை கத்தினேன். கல் அப்படியே விழுங்கிக்கொண்டது. அண்ணி கொஞ்ச நேரம் சுவரில் கை வைத்து நின்றார். பிறகு, கல்யாணமாகி முதல் முறையாக, அந்தப் பேரைத் தானே மெதுவாகச் சொன்னார்.

பேர் திரும்பி வந்தது, எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து. சுற்றுவழியில் ஒலி அப்படி வளைந்து வரக்கூடும்தான். ஆனால் வந்தது பெண்குரல் இல்லை. நான் பயந்து வெளியே ஓடிவந்துவிட்டேன். அண்ணி நிதானமாக வந்தார்.

போகிறவர்கள் டார்ச் விளக்கும் குடிக்கத் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சாப்பாடு கிடைக்காது. இருட்டுச் சுற்றில் சுவரைப் பாருங்கள், வாயைத் திறக்காதீர்கள்.

அமாவாசைக்கு வந்த பங்காளிகளை அண்ணி திருப்பி அனுப்பிவிட்டார். என்னைக் கேட்டார்கள், நானும் குரல் வந்தது என்றேன். போன மாதம் அண்ணனோடு இருந்த பட்டாளத்துக்காரர் ஒருவர் தேடி வந்தார். அண்ணன் நாற்பத்திரண்டாம் வருடமே போய்விட்டாராம், தன் கையாலேயே புதைத்தாராம். அண்ணியிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அன்று கேட்டது அண்ணன் குரல்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.