சூசை மாமாவின் வலையில் மீன் இல்லை

சிறுவர்களுக்குச் சிரிப்புப்படம் கீறுகிறவனுக்கு முதலாளிமார் இரண்டு பேர்: படத்தைப் பார்த்துச் சிரிக்கிற பிள்ளை ஒன்று, அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் சிரிக்காமல் நிற்கிற பெரிய ஆள் மற்றது. பிள்ளை ஒரு குறையும் சொல்லாது. பிடிக்காவிட்டால் பக்கத்தைத் திருப்பிவிடும். பெரிய ஆள் பக்கத்தைத் திருப்பமாட்டார், வீடு தேடி வருவார். தையல்காரர், சமையல்காரர், மேசன்மார் எல்லோருக்கும் நான் சொல்வது விளங்கும். அந்த வேலை தெரியாதவர்கள் வந்து நின்று திருத்தாத வேலை உலகத்தில் இல்லை.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். முப்பது வருடம் மன்னார்க் கரையில் படகுகளுக்குப் பெயரும் இலக்கமும் எழுதினேன். இப்போதும் கேட்டால் எழுதுவேன். இலக்கம் ஒன்று பிழைத்தாலும் படகுக்காரனுக்குத்தான் கரைச்சல் என்பதால், எதையும் இரண்டு தரம் எண்ணுகிற பழக்கம் வந்துவிட்டது. சிறுவர்களுக்கு மாதச் சஞ்சிகை நடத்துகிற ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். ஊரில் எல்லோருக்கும் அவர் ரீச்சர். ஒரு படகின் முன்பக்கத்தில் நான் கீறியிருந்த பூனையைப் பார்த்துவிட்டு, சஞ்சிகையின் கடைசிப் பக்கத்தை எனக்குத் தந்தார்.

பக்கத்துக்கு ஆறு கட்டம். சூசை மாமா என்றொரு கடற்றொழிலாளி. அவர் பிடிக்கும் மீனில் தனக்கொரு பங்கு கிடைக்கும் என்று கரையில் காத்திருக்கும் பூனை. அதன் பெயரே பங்கு. மாமா வலையை இழுப்பார். ஆறாவது கட்டத்தில் வலைக்குள் மீனைத் தவிர வேறு ஏதாவது இருக்கும்: சைக்கிள் ரயர், கதிரைக் கால், ஒற்றைச் செருப்பு. பூனை மாமாவைப் பார்க்கும். அவ்வளவுதான் பகிடி. என்னென்ன பட்டது என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு பொருள் இரண்டாம் தரம் வந்ததில்லை. இதுவரை எழுபத்தொன்பது பக்கம் கீறியாயிற்று. அவற்றில் எழுபத்தெட்டுப் பக்கங்களில் வலைக்குள் மீன் இல்லை. மிச்சம் ஒன்றால் வந்த வினையைத்தான் உங்களுக்குச் சொல்லவேண்டும்.

மீசை இல்லாதவர்

சூசை மாமாவுக்கு நான் வேண்டுமென்றே மீசை வைக்கவில்லை. எங்கள் கரையில் ஆண்கள் அநேகமாக எல்லோரும் மீசைக்காரர். ஒருவர் விடாமல் “இது நான்தானே” என்று வந்து நிற்பார்கள் என்று பயந்தேன். மீசை இல்லாதவர்களை எண்ணிப் பார்த்தேன். கோயில் சுவாமி ஒருவர், தபாற்காரர் ஒருவர். இரண்டு பேரும் கடலுக்குப் போவதில்லை. ஆகவே பிரச்சினை இல்லை என்று நினைத்தேன்.

எதிர்வீட்டு அருளப்புவை எண்ண மறந்துபோனேன். ஒரு படகும் நாலு சோடி வலையும் வைத்திருக்கிற அமைதியான மனுசன். என் சன்னலைத் திறந்தால் முதலில் தெரிவது அவர் முகம்தான். கை தானாக அதைக் கீறியிருக்கிறது. முதல் சஞ்சிகை வந்த அன்றே அவருடைய மனைவி றோசம்மா அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறக்க முன்னர் சொன்னார்: “முகம் இவரின்ரையெண்டாப் பரவாயில்லை அண்ணை. சட்டைத் தோளில கிடக்கிற ஒட்டுக்கூட நான் தைச்சதுதான்.”

பெரியமடுப் பிள்ளை

பெரியமடுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பிள்ளைகளுக்கு முன்னால் பேசவேண்டும் என்றார்கள். நாலு பேர் என்னைப் பார்த்தாலே எனக்கு நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொள்ளும்; அன்று நாற்பத்திரண்டு பேர் பார்த்தார்கள். வணக்கம் சொன்னேன். பிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பி சூசை மாமாவைக் கீறத் தொடங்கினேன். முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது எவ்வளவு நிம்மதி என்று அன்றுதான் அறிந்தேன்.

கீறி முடித்ததும், கேள்வி இருந்தால் கேளுங்கோ என்றார் வகுப்பாசிரியர். முன்வாங்கில் ஒரு சிறுமி எழும்பினாள். வயல்காரர் வீட்டுப் பிள்ளை, கடல் பார்த்ததில்லையாம். நீண்ட நாள் யோசித்து வைத்திருந்த கேள்வி என்பது முகத்தில் தெரிந்தது. “ஐயா, எங்கட குளத்தில மீன் இருக்கு. கடலிலதான் இல்லையோ?”

கை கழுவுதல்

எங்கள் கரையில் சில ஒழுங்குகள் உண்டு. தொழிலுக்குப் போகிறவரிடம் “எங்கே போறியள்” என்று கேட்கமாட்டோம். வெறுங்கூடையோடு அவருக்கு எதிரே வரமாட்டோம். ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலில் இறங்குவதில்லை. ரீச்சரின் சஞ்சிகையோ மாதத்தின் முதல் ஞாயிறு, பூசை முடிந்து சனம் வெளியே வரும்போதுதான் கோயில் வாசலில் விற்பனைக்கு வரும். பிள்ளைகள் அங்கேயே கடைசிப் பக்கத்தைப் பிரித்து, தகப்பன்மாருக்கும் காட்டிச் சிரிப்பார்கள். அடுத்தநாள் விடிய அந்தத் தகப்பன்மார் கடலுக்குப் போவார்கள். முந்தியநாள் அவர்கள் பார்த்த ஒரே வலை வெறும் வலை, கெட்ட சகுனம். இது எனக்கு எழுபது பக்கம் கீறும்வரை உறைக்கவில்லை.

உறைத்த நாள் இது. புதுப் படகு ஒன்றுக்குப் பெயர் எழுதக் கூப்பிட்டிருந்தார்கள். தூரிகையையும் பெயின்ற் பேணியையும் எடுத்துக்கொண்டு போய்க் குந்தினேன். படகுக்காரர் நல்ல மரியாதைக்காரர். தேத்தண்ணி தந்தார், நிழலுக்குத் தறப்பாள் கட்டினார், பிறகு ஒரு வாளித் தண்ணீரும் சவர்க்காரமும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். எதற்கென்று கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: “குறை நினைக்காதையுங்கோ அண்ணை. சூசையைக் கீறின கையைக் கழுவிப்போட்டுத் தொடங்குங்கோ.”

எத்தனை கோடு

அந்த வருடம் கடல் சரியில்லை. அருளப்பு மூன்று மாதமாக எண்ணெய்க்காசும் தேறாமல் வந்துகொண்டிருந்தார். றோசம்மா ஒருநாள் வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றார். வழக்கமான பகிடி இல்லை. முதல் ஞாயிறு கழிந்த திங்கட்கிழமைகளைத் தான் கவனித்துப் பார்த்ததாகச் சொன்னார். மூன்று திங்களும் வெறும் வலை. சூசை மாமாவுக்கு ஒரேயொரு மீன் படுகிறமாதிரிக் கீறவேண்டும் என்று கேட்டார்.

மீன் பட்டால் பகிடி முடிந்துவிடும், பூனைக்கு வேலை இல்லாமல் போய்விடும், பிள்ளைகள் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள் என்றெல்லாம் விளக்கினேன். நான் அவ்வளவு பேசியது எனக்கே ஆச்சரியம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு மீன் கீற எத்தனை கோடு வேண்டும் என்றார். மனதுக்குள் கீறிப் பார்த்து, ஏழு என்றேன். றோசம்மா தன் வீட்டுக் குசினிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “ஏழு கோட்டுக்காகவோ அண்ணை எங்கட அடுப்பு இப்பிடிக் கிடக்கு?”

ஒரேயொரு சூடை

கீறினேன். எழுபத்தெட்டாவது பக்கம், ஆறாவது கட்டம், வலைக்குள் விரல் நீளத்தில் ஒரு சூடை மீன். ஏழு கோடு, கண்ணுக்கு ஒரு புள்ளி. பூனை வாயைத் திறந்தபடி நிற்கிறது. கீறி முடித்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே சிரிப்பது என்று எனக்கே தெரியவில்லை.

திங்கட்கிழமை அருளப்புவுக்குச் சூடை பட்டது. அவருக்கு மட்டுமல்ல, கரை முழுக்கச் சூடை. இது தற்செயல் என்று நான் சொன்னேன்; கேட்க ஆள் இல்லை. அன்று பின்னேரமே ஒவ்வொருவராக வாசலுக்கு வந்தார்கள். ஒருவருக்குக் கணவாய் வேண்டும், ஒருவருக்கு இறால், ஒருவர் நண்டு நல்ல பெரிதாக என்று கையை விரித்துக் காட்டினார். கடைசியாக வந்தவருக்குக் கோபம். ஒரு நாள் முழுக்க வலையிலிருந்து சூடை கழற்றிக் கழற்றி விரலெல்லாம் புண்ணாம். “கீறினதுதான் கீறினியள், நல்ல விலை போற ஒரு பெரிய அறுக்குளாவைக் கீறியிருக்கக்கூடாதோ? மை போதாமல் போச்சோ?”

தாராபுரத்து நானா

தாராபுரத்திலிருந்து வந்து எங்கள் கரையில் மீன் எடுக்கிற வியாபாரி ஒருவர் உண்டு. ஐஸ் பெட்டியும் சின்ன லொறியும் வைத்திருப்பவர். நாங்கள் நானா என்போம். அந்தக் கிழமை எடுத்த சூடையை விற்று முடிக்கப் பெரும் பாடு பட்டிருக்கிறார். லொறியை என் வாசலில் நிறுத்திவிட்டு இறங்கினார். கையில் சஞ்சிகை.

கதிரை போட்டேன், இருக்கவில்லை. என் தொழிலில் தலையிடத் தனக்கு உரிமை இல்லை என்று மூன்று தரம் சொன்னார். எண்ணினேன், மூன்று தரம்தான். பிறகு தலையிட்டார். “மீன் கீறுங்க, வேணாமெண்டு சொல்லயில்ல. அளவாக் கீறுங்க. கூடப் பட்டா விலை விழுந்திரும் பாருங்க.”

ஆறு கடிதம்

சஞ்சிகை வெளிவந்து இரண்டு கிழமைக்குள் பிள்ளைகளின் கடிதம் வரும். கடைசிப் பக்கத்துக்கு மட்டும் முப்பத்தொன்றுக்குக் குறைந்ததில்லை. அந்த மாதம் ஆறு. அதிலும் இரண்டு ஒரே வீட்டிலிருந்து. ரீச்சர் ஆறையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அவர் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். ஏசவில்லை. இன்னும் ஒரு மாதம் பார்ப்போம், இப்படியே போனால் கடைசிப் பக்கத்துக்குக் குறுக்கெழுத்துப் போட்டியைப் போடுவோம் என்றார். சூசை மாமாவுக்கு இன்னும் ஒரு பக்கம்தான் ஆயுள்.

ஒரு கடிதம் வெள்ளாங்குளத்திலிருந்து வந்திருந்தது. கொப்பித் தாளில் இரண்டே வரி: பங்குவுக்கு மீன் கிடைத்துவிட்டது, இனிப் பங்கு எதற்குக் கரைக்கு வரவேண்டும்? ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “முப்பத்தாறு வருசம் படிப்பிச்சனான். இப்பிடியொரு கேள்வியை ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. கீறின ஆள் நீங்கள், நீங்களே எழுதுங்கோ.”

அருளப்புவின் சாக்கு

இரண்டு நாள் வெறுந்தாளுக்கு முன்னால் இருந்தேன். மீன் கீறினால் பக்கம் போய்விடும். கீறாவிட்டால் எதிர்வீட்டு முகத்தில் எப்படி முழிப்பது? மூன்றாம் நாள் அந்த முகமே என் வாசலுக்கு வந்தது. அருளப்பு என் வீட்டுக்கு வருகிற ஆள் இல்லை. தோளில் ஒரு சாக்கு. அதை விறாந்தையில் கவிழ்த்துக் கொட்டினார். ஒரு தேத்தண்ணிக் கெற்றில் மூடி, பொம்மைக் கை, உடைந்த ரிமோட், குடைக் கம்பி, பாதி மணிக்கூடு. எல்லாம் அவர் வலையில் பட்டவை, சூசை மாமாவுக்கென்று புறம்பாக எடுத்து வைத்திருக்கிறார். பதினொரு பொருள். கொப்பியை எடுத்துப் பார்த்தேன்; ஒன்றுகூட முன்னர் வந்ததில்லை.

மனிசி கேட்டதற்காக மீன் கீறவேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டேன். அருளப்பு நின்று நின்றுதான் பேசுவார். முன்னரெல்லாம் வெறும் வலையோடு வந்தால் வீட்டில் ஒருவரும் ஒருவரோடும் கதைப்பதில்லையாம். சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி சாப்பிட்டு எழும்புவார்களாம். பிறகு குனிந்து, பொம்மைக் கையைத் துடைத்து மற்றவற்றோடு நிரையாக வைத்தார். “இப்ப வெறும் வலையோட வந்தா மகள் ஓடிவாறாள் அண்ணை. ‘அப்பா, இண்டைக்கு என்ன பட்டது, செருப்போ ரயரோ’ எண்டு கேட்டுச் சிரிக்கிறாள். அதையும் கெடுத்துப்போடாதையுங்கோ.”

இருபத்துமூன்று

அவர் போனபிறகு தாளை இழுத்தேன். ஆறாவது கட்டத்தில் சூசை மாமா வலையை இழுக்கிறார். வலைக்குள் பாதி மணிக்கூடு. பூனை மாமாவைப் பார்க்கிறது. இம்முறை கடலைக் கொஞ்சம் வெட்டித் திறந்தாற்போலக் கீறினேன். வலையைச் சுற்றி, வலைக்கு வெளியே, கடல் முழுக்க மீன். அறுக்குளா இருந்தது, கணவாய் இருந்தது, இறால் இருந்தது. எல்லாம் வரிசையில் நின்று மணிக்கூட்டில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தன. பெரியமடுப் பிள்ளைக்கும் அதில் பதில் இருந்தது.

கடிதம் முப்பத்தெட்டு வந்தது. குறுக்கெழுத்து வேறு பக்கத்துக்குப் போயிற்று. திங்கட்கிழமை அருளப்புவுக்கு ஒரு பெட்டி நண்டும், கறிக்குக் கொஞ்சம் மீனும், ஒரு பிளாஸ்ரிக் வாளியும் பட்டன. வாளி ஏற்கெனவே நாற்பத்துநாலாம் பக்கத்தில் வந்துவிட்டதால் எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை றோசம்மா ஒரு கிண்ணம் நண்டுக்கறியோடு வந்தார். மற்றக் கையில் சஞ்சிகை. கிண்ணத்தை வைத்துவிட்டு, விரலால் படத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். “வலைக்கு வெளியில இருபத்துமூண்டு மீன் நிக்குது அண்ணை, ரெண்டு தரம் எண்ணிப்போட்டன். அடுத்த மாசம் வலையைக் கொஞ்சம் அகலமாக் கீறினாப் போதும்.”

ஆகவே, என்னைப் போலப் பிறர் திருத்தத் திருத்த வேலை செய்கிறவர்களே, ஒரு கரையையே சிரிக்கவைப்பது கஷ்டமில்லை, மீனுக்கும் வலைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளியை மாதாமாதம் காப்பாற்றத் தெரிந்தால் போதும்.