ஃபில்டர் அண்ணனும் எழுபத்தோரு கமெண்ட்டும்

வாஷிங் மெஷினின் அடியில், வலது மூலையில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மூடி இருக்கும். பத்து வீட்டில் எட்டு வீட்டுக்காரர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மெஷின் தண்ணீரை வெளியே தள்ள முடியாமல் முனகிக்கொண்டு நிற்கும்போதுதான் மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். அவர் வந்து தரையில் பழைய துண்டை விரிப்பார், ஒரு தட்டை வைப்பார், மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் ஃபில்டரை இடப்பக்கம் திருகுவார். கறுப்பாக ஒரு தண்ணீர் வரும். அந்த நாற்றத்துக்கு வீட்டுக்காரர்கள் அடுத்த அறைக்கு ஓடிவிடுவார்கள். அதற்குப் பிறகு வருவதுதான் சரக்கு: சில்லறைக் காசு, ஹேர்பின், குழந்தையின் ஒற்றைக் காலுறை, பேனா மூடி, யாரும் தேடாத பட்டன்.

இருபது வருஷமாக இப்படி முட்டி போட்டே காலம் தள்ளிய ஒரு மெக்கானிக்கை எல்லோரும் ஃபில்டர் அண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்கு ஒரு பழக்கம். உள்ளே என்ன கிடைத்தாலும் கழுவித் துடைத்து, சின்ன ஜிப் கவரில் போட்டு, வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். துருப்பிடித்த ஊக்காக இருந்தாலும் சரி.

"இத வச்சு நான் என்னங்க பண்றது?" என்பார்கள்.

"அது எனக்குத் தெரியாது. உங்க ஊக்கு. நீங்களே தூக்கிப் போடுங்க."

சிரிப்பார்கள். ஆனால் அந்த ஊக்கு செய்த வேலை பெரியது. வேலைக்குப் போகிற கணவன் மனைவி வீட்டுச் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்பிவிடுவார்கள். "முடிச்சிட்டு எதிர் வீட்ல குடுத்துடுங்கண்ணே," அவ்வளவுதான். ஆள் இல்லாத வீடு, அலமாரி திறந்தபடி, மேஜைமேல் பர்ஸ். அவர் மெஷினைத் தவிர எதையும் பார்க்க மாட்டார். படிப்பு கிடையாது, சொத்து கிடையாது. அந்தச் சாவிதான் அவருடைய பட்டம்.

போனில் வீடியோ போட அவருக்கு ஒரு பக்கம் ஆரம்பித்துக் கொடுத்தது மனைவி. மனைவிக்கு ஜெராக்ஸ் கடையில் அரைநாள் வேலை. போனில் அவருக்குத் தெரியாத பொத்தான் இல்லை. 'இன்று ஃபில்டரில் என்ன?' என்று பெயர் வைத்தார். யோசனை நல்லதுதான். மெக்கானிக் ஃபில்டரைத் திருகுவார், கறுப்புத் தண்ணீர் வரும், பின்னால் ஒரு பொம்மைக் கார் வந்து விழும். அதைக் கழுவிக் காட்டி, "யாரோ ரொம்ப நாளா தேடியிருப்பாங்க," என்பார். முப்பது விநாடி.

பார்த்தது நாற்பது பேர். கமெண்ட் பதினாலு. அதில் ஏழு மனைவியே போட்டது, நான்கு மனைவியின் தங்கை போட்டது, ஒன்று "சூப்பர் மாமா", மிச்சமெல்லாம் கட்டைவிரல்.

"லைக்குன்றது சும்மா தலையாட்டிட்டுப் போறதுங்க," என்று மனைவி பாடம் எடுத்தார். "கமெண்ட்டுன்னா வாயத் தொறக்கறது. நாலு பேரு வாயத் தொறந்தா, அங்க என்னமோ நடக்குதுன்னு அந்த ஆப் இன்னும் நாப்பது பேருக்குக் காட்டும். அந்த நாப்பதுல பத்துப் பேரு பேசினா நானூறு பேரு."

"நல்லா இருந்தா பேசுவாங்கல்ல?"

"நல்லா இருந்தா சூப்பர்னுவாங்க. சூப்பருக்கு யாரு பதில் போடுவா?"

அவர் "ம்" என்றார். வீட்டில் அவர் பேசுகிற பேச்சில் முக்கால்வாசி அந்த ஒரு எழுத்துதான்.

பிறகுதான் அவன் வந்தான். பெயர் 'உள்ளதைச் சொல்வேன்'. படத்தில் தூங்குகிற பூனை. குழந்தைக் காலுறை வீடியோவின் கீழே எழுதியிருந்தான்: "முன்னாடியே உள்ள போட்டுட்டு எடுக்கற நாடகம். ஏமாறாதீங்க."

ஃபில்டர் அண்ணனுக்குக் காது மடல் வரை சூடேறியது. டீ ஆறியது. ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்திக் குத்தி எழுதினார்: "நான் இருபது வருஷமா தொழில் பண்றேன். நீங்க வாங்க, உங்க மெஷினைத் தொறந்து காட்டறேன்." அவன் உடனே, "என் மெஷின்ல இருந்து எதை எடுப்பீங்க?" என்றான். அவர் ஏழு வரி எழுதினார். அடுத்து யாரோ ஒரு அம்மாள் வந்து, "அண்ணனை எனக்குத் தெரியும், தங்கமான மனுஷன்," என்றார். அவருக்கு ஒருத்தன், "எவ்வளவு குடுத்தாங்க உங்களுக்கு?" என்றான். அந்த அம்மாளின் மகன் வந்து இவனை வெளுத்தான். சாயங்காலத்துக்குள் பார்த்தவர்கள் ஒன்பதாயிரம்.

"விடாதீங்க, பதில் போடுங்க," என்றார் மனைவி, தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தபடி.

விட்டால்தானே! ஒவ்வொரு வீடியோவுக்கும் பூனை வந்தது. ஒவ்வொரு பூனைக்கும் இவர் பதில் எழுதினார். கதவு ரப்பர் மாற்றினால் "பழசையே துடைச்சு மாட்டிட்டான்". காசு கிடைத்தால் "காட்டினது மூணு, கிடைச்சது எத்தனையோ". புது ஆட்கள் கூப்பிட்டார்கள். "அந்தச் சண்டை நடக்குதே, அந்த மெக்கானிக்கா?" என்று கேட்டு வேலையும் கொடுத்தார்கள். அவருக்குத்தான் எதிலும் நிம்மதி இல்லை. மெஷினுக்கு முன்னால் முட்டி போட்டபடியே, இவன் யாராக இருக்கும் என்று யோசிப்பார். போன வருஷம் டிரம் பேரிங்குக்குக் கூலி அதிகம் என்று முகம் சுளித்தவரா? மாடி வீட்டு வக்கீலா?

கடைசியில், வழக்கமாகச் சாமான் வாங்கும் உதிரிபாகக் கடைக்காரரிடமே போய் நின்றார். "நீதானடா அது?"

"எது?"

"பூனை."

விஷயம் புரிந்ததும் கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணே, நான் எழுதினா இவ்ளோ மரியாதையா எழுதுவனா? முதல் வார்த்தையிலயே என் கமெண்ட்டைத் தூக்கியிருப்பாங்க. இவன் ஒழுங்கா படிச்சவன். உங்களப் பத்தி நல்லாத் தெரிஞ்சவன்."

அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் மனதில் முள்ளாகத் தைத்தது. யாருக்கு என்னை நன்றாகத் தெரியும்? விடை கிடைக்கவில்லை. கிடைக்கவேண்டிய இடத்தில் அவர் தேடவில்லை.

ஒரு வியாழக்கிழமை, காலை பதினோரு மணி. யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறை. ஃபில்டரைத் திருகி, தண்ணீர் வடியட்டும் என்று காத்திருந்த நேரத்தில் போனை எடுத்துப் பார்த்தார். பூனையின் எழுபத்தோராவது கமெண்ட்:

"பச்சைக்கல் மோதிரத்தைக் கேளுங்க. மூணு வருஷம் முன்னாடி ஒரு டீச்சர் வீட்ல எடுத்தது. ஒரு நாள் இவர் வீட்ல தங்கிட்டுத்தான் போச்சு. இல்லேன்னு சொல்லச் சொல்லுங்க."

தட்டு நிரம்பித் தண்ணீர் தரையில் ஓடியது. அவர் கவனிக்கவில்லை.

மோதிரம் உண்மை. அன்றைக்கு அந்த டீச்சர் வீட்டில் இல்லை, சாவி மட்டும் இருந்தது. கதவு ரப்பரின் மடிப்புக்குள் சோப்பு நுரையோடு சிக்கிக் கிடந்ததைக் கழுவி, கவரில் போட்டார். எதிர் வீட்டில் கொடுக்க மனம் வரவில்லை, தங்கமாயிற்றே. அப்படித்தான் சட்டைப் பைக்குள் வந்தது. ஆனால் வீட்டுக்கு வந்ததும் டீச்சருக்குப் போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. மனைவியின் கையில் வைத்தார். "போட்டுப் பாரு," என்றார். கல்யாணத்தில் போட்ட மோதிரம் எப்போதோ விற்றுப் போயிருந்தது. அன்று மாலை முழுக்க மனைவி அந்தக் கையை மட்டும் தண்ணீரில் நனைக்காமல், ஒரு கையாலேயே பாத்திரம் துலக்கினார். இருவருமே சிரித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் விடிந்ததும் மனைவியே கழற்றிக் கொடுத்தார். டீச்சரிடம் இவர், "இப்பதாங்க டூல்ஸ் பைக்குள்ள பாத்தேன்," என்று ஒரு சின்னப் பொய் சொன்னார். டீச்சர் கண் கலங்கிவிட்டார்.

அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அந்த மாலையில் இருந்தது இரண்டு பேர். ஒருவர் இங்கே ஈரத் தரையில் உட்கார்ந்திருக்கிறார்.

துடைத்து முடிப்பதற்குள் டீச்சரே போனில் கூப்பிட்டார். "ஃபில்டர், நான் படிச்சது நெஜமா?"

"ஆமாங்க டீச்சர்."

"பைக்குள்ள இருந்துச்சுன்னீங்க."

"பொய் சொன்னேங்க."

டீச்சர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உங்களப் பத்தி எத்தனை பேருகிட்ட சொல்லியிருக்கேன் தெரியுமா," என்றார். அப்புறம், "சரி, வைக்கறேன்," என்றார். அரை மணி நேரத்தில் இன்னொரு வீட்டிலிருந்து, "அண்ணே, இன்னைக்குச் சாவி வேணாம். ஞாயித்துக்கிழமை நாங்க இருக்கும்போது வாங்களேன்." குரல் தேனாக இருந்தது. அதுதான் சுட்டது.

மத்தியானம் வீட்டுக்குப் போனார். மனைவி ஜெராக்ஸ் கடையிலிருந்து வந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். இவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பூனை நீதான்."

மனைவி ஒரு சட்டையை முழுதாக மடித்து வைத்தார். பிறகுதான் நிமிர்ந்தார். "உங்களுக்காகத்தாங்க."

"எனக்காக என்னைத் திருடன்னியா?"

"மொதல்ல சும்மா ஒண்ணு போட்டுப் பாத்தேன். நீங்க பதில் எழுதினதும் எப்படி ஏறுச்சு பாத்தீங்கல்ல! நல்லவன் நல்லவன்னு நூறு தடவை போட்டும் நாய்கூடத் திரும்பிப் பாக்கல. திருடன்னு ஒரு தடவை போட்டேன், ஊரே வந்து உங்களுக்காகச் சண்டை போட்டுச்சு."

"மோதிரம்?"

"ரெண்டு வாரமா எறங்கிட்டே வந்துச்சு. பெருசா ஏதாச்சும் போட்டாத்தான்..." குரல் தேய்ந்தது. "நீங்க இல்லவே இல்லைன்னு எழுதுவீங்கன்னு நெனச்சேன். பத்து வரியாவது எழுதுவீங்கன்னு."

"நடந்தத எப்படி இல்லேன்னு எழுதுவேன்?"

அதை மனைவி யோசித்திருக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. பதினாறு வருஷம் கூட வாழ்ந்தும், இந்த மனிதனுக்கு எழுத்தில் பொய் வராது என்பதை மறந்துபோயிருந்தார்.

"அப்புறம்," என்று மெதுவாகச் சொன்னார், "சிரிக்காதீங்க. எனக்கு நீங்க பதில் எழுதறது புடிச்சிருந்துச்சு. வீட்ல நான் என்ன கேட்டாலும் 'ம்'முன்னுவீங்க. அங்க அந்தப் பூனைக்கு ஏழு ஏழு வரி. நீங்க எவ்ளோ அழகா எழுதறீங்க தெரியுமா? சில நாள் அதுக்காகவே வம்புக்கு இழுத்தேன்."

வேறொரு நாளாக இருந்தால் அவர் உருகியிருப்பார். உருகாமலும் இல்லை, உள்ளே எங்கோ ஓரிடம் இளகத்தான் செய்தது. அது இளகியதுதான் அவருக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. அந்த ஒரு மாலையை அவர் இருபது வருஷத்துத் தொழிலில் செய்த ஒரே தப்பு என்று வைத்திருந்தார். ஒரே சந்தோஷம் என்றும் வைத்திருந்தார். அதை எடுத்து, தெரியாத ஆயிரக்கணக்கான பேருக்குப் படம் காட்டியாயிற்று.

"அழிச்சிடறேன்," என்று மனைவி போனை எடுத்தார். "இருங்க, அந்தக் கணக்கையே அழிச்சிடறேன். ஒண்ணுகூட மிஞ்சாது."

"இரு..."

அவர் சொல்வதற்குள் பூனை போய்விட்டது. எழுபத்தோரு கமெண்ட்டும் போயின.

மனைவி முகம் தெளிந்தது. பக்கத்தைத் திறந்து, "பாருங்க, சுத்தமா..." என்று நீட்டியவர் பாதியில் நின்றார். பூனையின் கமெண்ட்டுகள் போனபோது, அவற்றின் அடியில் தொங்கிய பதில்களும் கூடவே போயிருந்தன. ஆள்காட்டி விரலால் குத்திக் குத்தி எழுதிய ஏழு ஏழு வரிகள். "அண்ணன் தங்கமான மனுஷன்" என்ற அந்த அம்மாள். அவருடைய மகன். அவர் பக்கம் நின்று பேசிய ஒருவரும் இல்லை.

மிஞ்சியது, தனித் தனியாகக் கேட்டவர்கள்தான். "மோதிரம் என்ன ஆச்சு?" "டீச்சர் பாவம்." "எங்க வீட்டுக்கும் வந்தான், ஒரு கம்மல் காணோம்." அவர் கண் முன்னாலேயே புதிதாக ஒன்று ஏறியது: "கேள்வி கேட்டவரோட கமெண்ட் எல்லாம் திடீர்னு காணோம். மிரட்டி அழிக்க வச்சிட்டாங்க போல." அதன் கீழே ஆறு பேர் ஆமாம் போட்டார்கள். பார்த்தவர் எண்ணிக்கை, இத்தனை நாளில் ஏறாத வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தது.

மனைவி கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "நான் எழுதறேங்க. எல்லாம் நான்தான்னு எழுதிடறேன்."

"எழுதினா நம்புவாங்களா? பொண்டாட்டிய வச்சு எழுத வக்கிறான்னுவாங்க."

அவர் போனை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். சோப்புத் தண்ணீரில் வெடித்த விரலைச் சில சமயம் போன் விரலாகவே மதிக்காது. ஒரே எழுத்தை நாலு தடவை குத்தவேண்டியிருந்தது. மனைவி எழுந்து வந்து, எப்போதும்போல் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"மோதிரம் உண்மை. ஒரு நாள் வைத்திருந்தேன். மறுநாள் கொடுத்தேன். டீச்சரிடம் பொய் சொன்னேன். தப்பு என்னுடையது. வேறு எந்த வீட்டிலும் எதையும் எடுத்ததில்லை."

மனைவி அதை இரண்டு தடவை படித்தார். "என்னைப் பத்தி ஒண்ணும் எழுதலையே."

"உன்னப் பத்தி என்ன எழுதணும்?"

"நான்தானே போட்டிருந்தேன் அன்னைக்கு. ரெண்டு பேரும்தானே..."

"நான் ஒருத்தன்தான் இருந்தேன்," என்றார் அவர்.

அனுப்பினார். அடுத்த விநாடியே யாரோ பதில் எழுத ஆரம்பித்தார்கள். அவர் போனை மனைவியின் கையில் வைத்துவிட்டு டூல்ஸ் பையைத் தூக்கினார். மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு வீட்டில் வேலை இருந்தது. வீட்டுக்காரர்கள் லீவு போட்டு வீட்டில் இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.