முப்பத்தெட்டுப் பெயர்களும் என் டிப்ளமாவும்

1. படித்த படிப்பு

பத்திரிகைப் படிப்பு முடித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று இப்போதும் பிள்ளைகள் என்னிடம் கேட்டு வருகிறார்கள். எனக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன், பிறகு உங்கள் பாடு.

சென்னையில் டிப்ளமா வாங்கிக்கொண்டு, பிரெஞ்சுக்காரன் போன மறு வருஷம் புதுச்சேரிக்கு வந்தேன். கூடப் படித்தவர்களில் ஒருவன் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஆனான். ஒருவன் சோப்புக் கம்பெனிக்கு விளம்பரம் எழுதப் போனான். நான் மட்டும்தான் பத்திரிகைக்குப் போகிறேன் என்று பெருமை வேறு. அந்த வாரப் பத்திரிகை ஓடியதே அச்சகத்துக்கு வந்த நோட்டீஸ் வேலையால்தான் என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது.

முதலாளி யூசுப் பாய் என் சர்டிபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல என்னா தம்பி கத்துக் குடுத்தாங்க?"

"செய்தி எழுத, பாய். முக்கியமானது மொதல்ல வரணும், மத்ததச் சுருக்கணும்."

"அதுக்கு ஒரு வருஷமா? சரி, கல்யாண நோட்டீஸ், சாவு நோட்டீஸ் எல்லாம் நீ பாத்துக்க."

எட்டு மாதம் அதையே பார்த்தேன். பார்த்துப் பார்த்து வெறுத்துப்போயிருந்தேன்.

2. சுருக்கினேன்

ஒரு நாள் காலை குருசுக்குப்பத்திலிருந்து ஏழுமலை என்பவர் வந்தார். கருவாட்டு வியாபாரியான அவருடைய அப்பா விடியற்காலையில் இறந்துபோயிருந்தார். மகன், மருமகன், பேரன், சம்பந்தி என்று முப்பத்தெட்டுப் பெயர்களை அவரவர் ஊரோடு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு எரிச்சலாக வந்தது. இறந்தவர் பெயர், வயது, மாலை நாலு மணிக்கு எடுப்பது, அவ்வளவுதான் வைத்தேன். கீழே 'குடும்பத்தார்' என்று ஒரே சொல்.

"கேட்டுட்டு வெட்டுங்க சார்" என்றார் அச்சுக் கோக்கும் கம்பாசிட்டர். நான் கேட்கவில்லை.

உச்சிவேளைக்கு ஏழுமலை திரும்பி வந்தார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. கசங்கிய நோட்டீஸ் ஒன்றை என் மேஜையில் வைத்தார்.

"எங்க தம்பி காலாப்பட்டுல இருக்கான். படகுத் தகராறுல ஒம்போது வருஷமாப் பேச்சு இல்ல. இன்னிக்குத்தான் மனசு எறங்கி என் பேருக்குப் பக்கத்துல அவன் பேர எழுதுனேன். தன் பேரு இல்லாத சாவுக்குத் தான் எதுக்குன்னு இதத் திருப்பி அனுப்பிட்டான். அவன் தோள் குடுக்காம எங்கப்பன எப்படி சார் எடுக்கறது?"

யூசுப் பாய் முப்பத்தெட்டுப் பெயரையும் அச்சுக் கோக்கச் சொன்னார். முதல் காகிதம் வந்ததும் என்னிடம் நீட்டினார்.

"வெட்டுனவன் நீ. நீயே கொண்டுபோய்க் குடு."

3. காலாப்பட்டு

மை காயாத நோட்டீஸோடு வெயிலில் சைக்கிளை மிதித்தேன். வழிநெடுக என் வாத்தியாரைத் திட்டினேன், பிறகு என்னையே திட்டிக்கொண்டேன். தம்பி முருகையன் வீட்டு வாசலில் வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. மகள் படித்துக் காட்டினாள்.

"அண்ணன் சொன்னதா, நீங்களாப் போட்டதா?"

சட்டைப்பையில் இருந்த ஏழுமலையின் பட்டியலைக் கொடுத்தேன். தன் பெயர் எங்கே இருக்கிறது என்று மகளிடம் கேட்டு, அந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு என் கேரியரில் ஏறி உட்கார்ந்தார்.

பாதி வழியில் கேட்டார்: "மொத நோட்டீஸ்ல எம் பேர எடுத்தது யாரு?"

"நான்தாங்க."

"எதுக்கு?"

"சுருக்கமா இருக்கணும்னு."

"வெரசா மிதிங்க, எடுத்துடப் போறாங்க" என்றார்.

எடுக்கவில்லை, காத்திருந்தார்கள். பாடையின் முன்னால் ஒரு பக்கம் அண்ணனும் மறுபக்கம் தம்பியும் தோள் கொடுத்ததை, வேர்வை வழியச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். வெட்கமாக இருந்தது. அந்த எட்டு மாதத்தில் என் மேஜைக்கு வந்த ஒரே பெரிய செய்தி, அந்த இரண்டு பெயர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததுதான். செய்தி எழுதப் படித்த நான் அதை வெட்டி எறிந்திருந்தேன்.