மியூசிக் இல்லாவிட்டால் வெறும் தொட்டி

மைக் செட்காரனை ஹாலில் யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை; ஸ்பீக்கர் 'கீய்ங்' என்று ஒரு தடவை கத்திவிட்டால் மட்டும் அத்தனை தலையும் அவன் பக்கம் திரும்பும்.

கோலாலம்பூருக்குப் பக்கத்தில், கிள்ளானில் எனக்கு ஒரு சின்ன சவுண்ட் சிஸ்டம் கடை இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்றுதான் தொழிலை ஆரம்பித்தேன். கல்யாணக்காரர்களுக்கு ஆடி உண்டு, மார்கழி உண்டு. ட்ரெய்னிங் நடத்துகிறவர்களுக்கு அதெல்லாம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை என்றால் ஏதாவது ஓர் ஓட்டல் ஹாலில் யாராவது ஒருவர் மற்றவர்களைப் பணக்காரர்களாக்கிக்கொண்டே இருப்பார். நீங்கள் சேர வேண்டும், சேர்ந்து நாலு பேரைச் சேர்க்க வேண்டும், அந்த நாலு பேர் ஆளுக்கு நாலு பேரைச் சேர்க்க வேண்டும். உங்களுக்குத் தெரியாத சங்கதியா?

உங்கள் வீட்டு அலமாரியின் மேலும் ஒரு பெட்டி மூலிகைக் காப்பித்தூள் தூங்கிக்கொண்டிருக்கும். 'எப்படி இருக்க மச்சான், ரொம்ப நாளாச்சு' என்று வாட்ஸப்பில் வந்த செய்திக்கு நீங்களும் பாசத்தோடு பதில் போட்டு மாட்டியிருப்பீர்கள். அதனால் என் பாடு உங்களுக்குப் புரியும். கூடப் பிறந்த அக்காவே இதற்குள் போய், வீட்டுக்கு இருக்கிற ஒரே சம்பளத்தையும் விடக் கிளம்பியபோது நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன்.

அம்மாவுக்குப் பியானோ

பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஓட்டல் ஹால். அன்றுதான் கோச் தேவ்வை முதன்முதலாகப் பார்த்தேன். முழுப்பெயர் தேவராஜன், பேனரில் படத்துக்கு இடம் வேண்டுமென்று பெயரைச் சுருக்கிக்கொண்டாரோ என்னவோ. நீலக் கோட்டு, வாசனை, நல்ல சிரிப்பு. மனிதர் மரியாதையானவர், அதையும் சொல்லிவிட வேண்டும். எனக்கும் என் ஆட்களுக்கும் முதலில் சாப்பாடு வந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் மைக்கைத் தொடுவார்.

கூட்டம் வருவதற்கு முன்னால் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பாடம் நடத்தினார். "நான் 'அம்மா'ன்னு சொன்னதும் பியானோ, மெதுவா. 'கஷ்டம்'னு சொன்னா வயலின். 'இன்னிக்கு நான்'னு ஆரம்பிச்சா டிரம்ஸ், ஃபுல் வால்யூம்" என்றார். கோயிலில் பூசாரி தீபாராதனைக்கு மணி அடிக்கச் சொல்கிற மாதிரி அவ்வளவு கச்சிதம். நானும் சிரத்தையாகக் கேட்டுக்கொண்டு, தொழில் புத்தியில் ஒரு சந்தேகம் கேட்டேன். "'அப்பா'ன்னு சொன்னா என்ன போடணும் பாஸ்?" அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"ஒன்னும் வேணாம் பாஸ். அப்பாவுக்கு யாரும் அழமாட்டாங்க."

தங்கத்தாள் சுற்றிய தொட்டி

கோச் தேவ் ட்ரெய்னிங் நடத்தும் மூலிகைக் காப்பித்தூள் கம்பெனியில் ஒரு சடங்கு உண்டு. வேலையை விட்டுவிட்டு இதையே முழுநேரமாகச் செய்யப் போகிறவர்கள் வரிசையாக மேடையேற வேண்டும். கழுத்தில் ஆபீஸ் டேக்கோ ஃபேக்டரி டேக்கோ தொங்கும். ஆளுக்கொரு வாக்கியம் பேசி, டேக்கைக் கழற்றி, தங்கக் கலர் தாள் சுற்றிய ஒரு பெட்டிக்குள் போட வேண்டும். அந்த நேரத்தில் நான் போடுகிற டிரம்ஸில் ஓட்டல் கண்ணாடியெல்லாம் அதிரும். சனம் எழுந்து நின்று கத்தும். போட்டவர் கண்ணில் தண்ணீர் நிற்கும். உள்ளதைச் சொன்னால், எனக்கே இரண்டொரு தடவை மயிர்க்கூச்செறிந்திருக்கிறது.

ஒருநாள் ஒத்திகையில் என் லேப்டாப் கிளம்ப மறுத்தது. கோச் தேவ் சும்மா இருக்க முடியாமல், பாட்டில்லாமலே ஒரு டேக்கைப் பெட்டிக்குள் போட்டுப் பார்த்தார். காலி ஹாலில் 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். கிட்டே போய்ப் பார்த்தேன். தாளுக்குள்ளே இருந்தது ஓட்டல்காரனின் பிளாஸ்டிக் குப்பைத்தொட்டி, மலாயில் சொன்னால் தோங் சம்பா. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே லேப்டாப்பைக் காட்டிச் சொன்னார்.

"சீக்கிரம் ரெடி பண்ணுங்க பாஸ். மியூசிக் இல்லாட்டி இது வெறும் தோங் சம்பாதானே?"

வசந்தா அக்காவின் மைண்ட்செட்

அடுத்த மாதம் அதே ஹாலில் தரையில் மண்டியிட்டு வயருக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் இரண்டாவது வரிசையில் எங்கள் வசந்தா அக்கா! சேலைமேல் கறுப்புக் கோட்டு. மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் வாங்கியதாம். கைகள் கோட்டுக்குள் ஒளிந்துகொண்டு விரல் நுனி மட்டும் எட்டிப் பார்த்தது. என்னைப் பார்த்ததும் சின்னப் பிள்ளை மாதிரி கையாட்டினாள்.

அக்கா சுங்கை வேயில் ஒரு எலெக்ட்ரானிக் ஃபேக்டரியில் வேலை செய்கிறாள். கல்யாணத்துக்கு முன்னாலேயே சேர்ந்த வேலை; இப்போது லைன் லீடர். மாமா லோரி ஓட்டிக்கொண்டிருந்தவர். முதுகு போய்விட்டதால் வீட்டோடு இருக்கிறார். அக்காவின் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது, அக்காவின் கம்பெனி மெடிக்கல் கார்டில்தான் மாமாவுக்கு வைத்தியம் நடக்கிறது. அவள் வீட்டுக்குப் போனபோது ஹாலில் காப்பித்தூள் பெட்டிகளை அடுக்கி, அதன்மேல் துணி விரித்து, ஃபேன் வைத்திருந்தார்கள். மேசை வாங்குகிற செலவு மிச்சம்.

"விக்குதா அக்கா?" என்று கேட்டேன். "விக்கல. அதனாலதான் கிளாஸ் போறேன்" என்றாள். காசு கட்டி முதல் கிளாஸ் முடித்துவிட்டாளாம். அதில் விற்காததற்குக் காரணம் சொல்வார்களாம். இரண்டாவது கிளாஸில் அந்தக் காரணத்தைச் சரி செய்வார்களாம். அதற்குத் தனிக் காசு. மூன்றாவது கிளாஸ் எதற்கு என்று இரண்டாவது கிளாஸில்தான் சொல்வார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடையில் இட்லி வேகவில்லை என்றால் சாப்பிட வந்தவனுக்குப் பல் விளக்கக் கற்றுக்கொடுப்பார்களா என்று கத்தினேன். மாமா பாயில் படுத்தபடி கண்ணாலேயே என்னை அடக்கினார். அக்கா கோபப்படவே இல்லை. பொறுமையாகச் சொன்னாள்.

"காப்பில ஒரு தப்பும் இல்லடா. தப்பு என் மைண்ட்செட்ல. இந்த மாதிரி நெகட்டிவ்வா பேசுற தம்பி இருந்தா அப்படித்தான் ஆகுமாம், அதையும் கிளாஸ்ல சொன்னாங்க."

மாமாக் கடை மூலை மேசை

அந்த வாரம் பள்ளிக்கூடத் தோழன் ஒருவன் கூப்பிட்டான். பல வருஷமாகப் பேச்சே இல்லை. நானும் மனச்சுமையை இறக்க ஓர் ஆள் கிடைத்தான் என்று கிள்ளானில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் ஒரு மாமாக் கடைக்கு ஆசையாகப் போனேன். நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ இரண்டு சொன்னான். என் அக்காவின் கதையை ஆரம்பித்தேன். கண்ணை மூடி மூடித் தலையாட்டினான். நான் முடித்ததும் "கரெக்ட் லா மச்சான், அந்தக் கம்பெனி சரியில்ல" என்று சொல்லிக்கொண்டே பையிலிருந்து வேறு ஒரு கம்பெனியின் பிளாஸ்டிக் ஃபைலை எடுத்தான்.

அவன் போன பிறகு, வட்டம் வட்டமாகப் படம் போட்ட தாளோடு நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். மேசை துடைக்க வந்த தம்பி ராமநாதபுரத்துக்காரர், பெர்மிட்டில் வேலை பார்க்கிறார். தாளை ஓரமாகத் தள்ளிவிட்டுத் துடைத்தபடி சொன்னார்.

"அண்ணே, இந்த மூலை டேபிள்ல வட்டம் போட்டுப் பேசுன ரெண்டு பேரு, மறுபடி சேந்து டீ குடிக்க வந்து நான் பாத்ததே இல்லண்ணே."

காஜாங் அங்கிளின் முழங்கால்

காப்பியின் மகிமைக்குச் சாட்சி சொல்லும் அங்கிள் ஒருவர் காஜாங்கிலிருந்து வருவார். ஓய்வுபெற்ற கிளார்க். நடக்க முடியாமல் கிடந்தேன், இந்தக் காப்பி என்னை எழுப்பி உட்கார வைத்தது என்று அவர் சொல்லும்போது நான் வயலினிலிருந்து டிரம்ஸுக்குத் தாவ வேண்டும். அவர் மேடையில் நாலு தடவை உட்கார்ந்து எழுந்து காட்டுவார். அக்கா அதற்குள் மூன்று கிளாஸும் முடித்து முதல் வரிசைக்கு வந்துவிட்டிருந்தாள். மாமாவின் முதுகை நினைத்துக்கொண்டு அவள் அந்த அங்கிளைப் பார்த்த பார்வையை நான் சவுண்ட் மிக்சர் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

இடைவேளையில் மேடைக்குப் பின்னால் போனேன். அங்கிள் படியில் இறங்கிக்கொண்டிருந்தார், இறங்கினார், இறங்கிக்கொண்டே இருந்தார். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு காலாகக் கீழே வைத்தார். ஓடிப்போய்த் தோள் கொடுத்தேன். முகத்தில் வேர்வை. "என்ன அங்கிள், முட்டி சரியாயிருச்சுன்னீங்களே?" என்று மெதுவாகக் கேட்டேன். அவர் பொய் சொல்கிற ஆளாகத் தெரியவில்லை. என்னை நம்ப வைக்க வேண்டுமென்று உண்மையாகவே ஆசைப்பட்டார்.

"மேல நிக்கிறப்ப வலியே இல்ல தம்பி, சாமி சத்தியமா. நீங்க பாட்டை நிப்பாட்டுனதும்தான் வருது."

டேக் போடும் வரிசை

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை டேக் போடுகிற வரிசையில் அக்கா நின்றாள். அதே கறுப்புக் கோட்டு, கழுத்தில் ஃபேக்டரி டேக். வேலையை விட வேண்டாமென்று முந்தின வாரம் முழுக்க நான் கெஞ்சியிருந்தேன். மாமாவும் தன் பங்குக்குப் பேசியிருந்தார். ஒன்றும் எடுபடவில்லை. கூட்டம் ஆரம்பிக்கும் முன் அவளே என் மேசைக்கு வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, "எனக்கு மட்டும் கொஞ்சம் நல்லா சத்தமா போடுடா" என்று சொல்லிவிட்டுப் போனாள். பயந்துபோயிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

முதலில் ஒரு பெண் டேக் போட்டாள். டிரம்ஸ். சனம் எழுந்து கத்தியது. அடுத்து ஏதோ ஆபீஸில் வேலை செய்யும் ஓர் இளைஞன், அவனுக்குப் பின்னால் அக்கா. இளைஞன் டேக்கைக் கழற்றினான். என் விரல் டிரம்ஸ் வால்யூமின் மேல் இருந்தது. ஏற்ற வேண்டிய நேரத்தில் அடியோடு இறக்கினேன்.

'டக்.'

கோச் தேவ் தொட்டிக்குப் பக்கத்தில் மைக்கைப் பிடித்திருந்ததால் ஹால் முழுவதும் கேட்டது. எழுந்திருக்கத் தயாராயிருந்தவர்கள் பாதியில் நின்றார்கள். பின்வரிசையில் யாரோ இருமினார்கள். கோச் என்னைப் பார்த்துக் கையை மேலே மேலே ஆட்டினார். நான் குனிந்து வயரைத் தேடுகிறவன் மாதிரி மேசைக்கடியில் போய்விட்டேன். நிமிர்ந்து பார்த்தபோது அக்கா டேக்கைக் கையில் பிடித்தபடி தொட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கத்தாள் சுற்றினால் மட்டும் நம் சனத்துக்குக் குப்பைத்தொட்டி தெரியாமல் போகுமா? காலை இடைவேளையில் குடித்த டீ கப்புகளும் கேக் சாப்பிட்ட டிஷ்யூவும் உள்ளே கிடந்தன. அவற்றின் மேலேதான் இரண்டு டேக்கும்.

"போடுங்க சிஸ்டர்" என்று மைக்கை நீட்டினார் கோச். அக்கா டேக்கைப் பார்த்தாள். அதில் அவளுடைய பழைய படம், மாமா நல்லா நடமாடிய காலத்தில் எடுத்தது. திரும்பக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். மைக்கில் அவள் குரல் நடுங்காமல் வந்தது.

"சாரி லா கோச், நாளைக்கு எனக்கு மார்னிங் ஷிஃப்ட். டேக் இல்லாம போனா செக்யூரிட்டி கேட்ல விடமாட்டாரு."

வயர் சுருட்டும் நேரம்

கூட்டம் கலைந்தது. கோச் தேவ் என்னைத் திட்டவில்லை. "இந்த மாதிரி ஆகுதுல்ல, அதான் பாஸ் நல்ல எக்விப்மென்ட் வேணும்கிறது" என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறம் கூப்பிடவும் இல்லை. டேக் போட்ட அந்த இளைஞன் எல்லாரும் போன பிறகு மெதுவாகத் திரும்பி வந்தான். என்னைப் பார்த்து அசடு வழியச் சிரித்துவிட்டு, சட்டைக்கையை மடக்கித் தொட்டிக்குள் கையை விட்டான். டேக்கைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு போனான்.

அக்கா கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு என்னோடு உட்கார்ந்து வயர் சுருட்டினாள். ஃபேக்டரிக் கை, ஒரு முறுக்கு விழாமல் சுருட்டியது. "பாட்டு ஏன்டா நின்னுச்சு?" என்று கடைசியில் கேட்டாள். "வயரு லூஸு" என்றேன். கையிலிருந்த வயரை இழுத்துப் பார்த்தாள், என் முகத்தையும் பார்த்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது அவளுக்கு.

"இந்த வயரு, நான் அந்த மூணு கிளாஸுக்கும் காசு கட்டுறதுக்கு முன்னாடியே லூஸாகியிருக்கக் கூடாதாடா?"

சத்தம் போட்டதற்கு மட்டுமே பில் போடுகிற தொழில் இது என்பதால், இத்தனை வருஷத்தில் நான் செய்த ஒரே உருப்படியான வேலைக்கு யாரிடமும் கூலி கேட்க முடியவில்லை.