மூர்த்தி சார் தட்டியபோது கியர் மாற்றாதவன்

செய்தியைச் சொன்னது கம்பெனியில் என்னோடு வேலை பார்த்த நஞ்சப்பன். ஓசூர் பக்கத்து மத்திகிரியிலிருந்து போன் செய்தான். "டெஸ்டிங் மூர்த்தி சார் போயிட்டாருப்பா. நாலு மணிக்கு எடுக்கறாங்க. வர்றியா?" எந்த மூர்த்தி என்று கேட்டேன். நன்றாகத் தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

போனேன். வாசல் நிறைய நம் பஸ், லாரி கம்பெனி ஆட்கள். ஆளாளுக்கு அவர் காதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். நம் ஓய்வுபெற்றோர் சங்கம் அவருக்காகப் போடும் இந்த நினைவு மலருக்கு என்னை எழுதச் சொன்னதும் அங்கேதான். "முதல் டர்போ வண்டிய அவர்கூட ஓட்டுனவன் நீ. நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடு" என்றான் நஞ்சப்பன். நாலு தேடினேன், ஒன்றுதான் அகப்பட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவருக்குக் காது உண்டு. சோதனை ஓட்டத்தில் டிரைவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். இன்ஜின் சத்தம் ஏறி ஏறி ஒரு கட்டத்தில் கதறும். அந்த நொடியில் விரல் மோதிரத்தால் பக்கத்திலிருக்கும் இன்ஜின் மூடியில் 'டக்' என்று ஒரு தட்டு. தட்டினால் கியர் மாற்ற வேண்டும். அதற்கு முன்னும் கூடாது, பின்னும் கூடாது. "வண்டிக்கு வாய் இருக்குது. அது சொல்றப்ப மாத்து" என்பார். பழைய இன்ஜின்களில் அந்தத் தட்டு ஒருநாளும் பிசகியதில்லை. நாங்கள் யாரும் இன்ஜின் வேகம் காட்டும் மீட்டர் முள்ளைப் பார்த்து ஓட்டியதே கிடையாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் டர்போ இன்ஜின் வந்தது. நான் அப்போது விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த தற்காலிக டிரைவர். மத்திகிரியில் ஒற்றை அறை வாடகை வீடு, மனைவி, ஐந்து மாதக் கைக்குழந்தை. இந்த இன்ஜினில் புகை வெளியே போகிற வேகத்தில் ஒரு சின்ன விசிறி சுழன்று காற்றை உள்ளே திணிக்கும். ரொம்ப முன்னால் கியர் மாற்றினால் விசிறி சோர்ந்துவிடும், வண்டி எழும்பாது. ரொம்பப் பிந்தினாலும் கெடுதல்தான். இன்ஜின் சும்மா சுற்றுமே தவிர, இழுவை அதற்கு முன்பே தீர்ந்திருக்கும். நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அங்கே மாற்றினால், அடுத்த கியர் விழும்போதும் விசிறி முழு மூச்சில் இருக்கும். அந்த இடத்தை எனக்குச் சொன்னது என் முதுகு. சீட்டில் அழுத்திக்கொண்டிருந்த முதுகு மெல்லத் தளரும். அதுதான் நேரம். ஆனால் அந்த இடத்தில் இன்ஜின் கதறாது. மூர்த்தி சாரோ கதறலுக்காகக் கண்ணை மூடிக் காத்திருப்பார். ஒவ்வொரு கியரிலும் தட்டு தாமதமாகவே விழுந்தது.

சொன்னேன். "இழுவை முன்னாடியே போயிருது சார். நீங்க தட்டுறதுக்குக் கொஞ்சம் முந்தியே மாத்துனா வண்டி பிச்சிக்கிட்டுப் போகும்."

கண்ணைத் திறந்து பார்த்தார். "வந்து ஆறு மாசம் ஆவல. எனக்கே பாடமா? என் காது பொய் சொல்லுதுங்கிறியா?" கேண்டீனில் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி, "இவன் முதுகால வண்டி ஓட்டறவன்" என்றார். சிரித்தார்கள். நஞ்சப்பா, நீயும்தான் சிரித்தாய்.

பிறகு அந்த ஓட்டம் வந்தது. பஸ் வாங்க வந்த அதிகாரிகள் கடிகாரத்தோடு நின்றார்கள். இன்னொரு கம்பெனி வண்டி ஏற்கெனவே ஓடி முடித்திருந்தது. நிரந்தரம் ஆகப் போகிறவர்களின் பட்டியல் அந்த வாரம்தான் தயாராகிக்கொண்டிருந்தது. "இன்னிக்கு வண்டி பிந்துச்சுன்னா, லிஸ்ட்ல உன் பேரு இருக்காது" என்று ஏறும்போதே சொன்னார் மூர்த்தி சார். அவர் தட்டுக்கு ஓட்டினால் வண்டி பிந்தும், பழி என் மேல் விழும். என் முதுகுக்கு ஓட்டினால் பேச்சை மீறியதாக ஆகும். முதல் கியரிலேயே முடிவு செய்துவிட்டேன். அவர் தட்டுவதற்கு முன்பே இரண்டாவது விழுந்தது. பிறகு மூன்று, நான்கு. ஒவ்வொன்றுக்கும் அவர் மோதிரம் காலம் கடந்து தட்டியது. கடைசியில் அவர் கை தட்டாமல் மூடியின் மேலேயே கிடந்தது.

போட்டி வண்டி எடுத்த நேரத்தை நல்ல வித்தியாசத்தில் முந்தினோம். அதிகாரிகள் கை கொடுக்க வந்தார்கள். "நான் தட்டறதுக்குத்தான் சார் பசங்க கியர் மாத்துவாங்க" என்று அவர்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னார் மூர்த்தி சார். அதே மனிதர் அன்று சாயங்காலம், சோதனையின்போது கட்டளையை மீறினான் என்று எனக்கு எதிராக எழுதிக் கையெழுத்துப் போட்டார். பட்டியலில் என் பெயர் இல்லை. மாத முடிவில் கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேப்பனப்பள்ளி போய், மாங்காய் லாரி ஓட்டினேன்.

சில வருடங்களில் எங்கள் லாரி முதலாளி நம் கம்பெனியின் டர்போ லாரி எடுத்தார். உள்ளே டிரைவருக்கான அட்டை ஒட்டியிருந்தது. 'இன்ஜின் கதறும்வரை காத்திருக்க வேண்டாம். முள் பச்சைப் பட்டையில் இருக்கும்போதே கியரை மாற்றவும்.' பச்சைப் பட்டை முடிகிற இடம் என் முதுகு சொன்ன அதே இடம். தயாரித்தவர் என்று கீழே இருந்த பெயர் யாருடையது என்று சொல்லவும் வேண்டுமா?

அதன் பிறகு ஒருமுறை ஓசூர் பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தார். ஓய்வு பெற்றிருந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "அன்னிக்கு நீ மாத்துனதுதான்பா சரி" என்றார்.

"இத நம்ம ஆளுங்க நாலு பேரு முன்னால சொல்லுங்க சார்" என்றேன்.

"அதெல்லாம் முடியாது. சரியே ஆனாலும் நீ என் பேச்ச மீறுன" என்று சொல்லிவிட்டு பெங்களூர் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

இறந்தவரைக் குறை பேசலாமா என்று உங்களில் சிலர் முகம் சுளிப்பீர்கள். சுளித்துக்கொள்ளுங்கள். அவர் காதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு அதில் பங்கு வேண்டாம். பஸ் ஸ்டாண்டில் சொன்ன அந்த ஒற்றை வாக்கியம் போதும் எனக்கு. அதைக் கேட்டவன் நான் ஒருவன்தான் என்ற தைரியத்தில் இருந்தார். இப்போது நீங்கள் அத்தனை பேரும் கேட்டுவிட்டீர்கள்.